ஆடி மாதத்து இருட்டு

ஆடி பிறந்துவிட்டால் நம் ஊர்ப் பக்கம் காற்றுத்தான் மிகுதி, வெயிலுக்குக் குறைவில்லை. அதே மாதத்தில் புனேயில் வாழும் நாம் பல நாள் சேர்ந்தாற்போல் கதிரவனைக் காணாதிருப்பதுண்டு. துணி உலராது, காலை எட்டு மணிக்கும் கூடத்தில் விளக்கு எரியும். ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறையாக வாழ்வோர் இதற்குப் பழகிவிட்டனர். புதிதாய் வந்தோரில் சிலருக்கோ காலையில் எழ மனம் வராது, இரவில் உறக்கம் வராது. ஊர் ஏக்கம் என்கிறோம். ஏக்கம் மெய்யே, எனினும் ஒளிக் குறைவுக்கும் இதில் பங்கிருக்கலாம்.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் அதனை ஆராய்ந்தவர். குகை வௌவால்களிடத்தும், பகலொளியும் கடிகாரமும் அற்ற தனியறையில் விரும்பித் தங்கிய மனிதரிடத்தும் அவர் குழுவினர் அதன் ஓட்டத்தை அளந்தனர். பெரும்பாலோர்க்கு அது 24 மணிக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடும். நாள்தோறும் அதைத் திருத்துவது காலை ஒளி.

தென்னாப்பிரிக்க வெயிலில் வளர்ந்து நியூயார்க்கில் குடியேறிய மருத்துவர் நார்மன் ரோசந்தால், குளிர்காலத்தில் தம் ஊக்கம் குன்றுவதைத் தாமே உணர்ந்தவர். குளிர்காலந்தோறும் திரும்பும் மனச்சோர்வையும், மிகு ஒளியால் அது தணிவதையும் 1984இல் அவரும் தோழர்களும் எழுதினர். அந்நோய் வடதுருவத்தை அடுத்த நாடுகளிலேயே மிகுதி. புனேயின் மழைக்காலச் சோர்வெல்லாம் அதுவே என நாம் கூறவில்லை.

ஒளிச் சிகிச்சைக்கு வழக்கமான அளவு 10,000 லக்ஸ். எழுந்தவுடன் அரை மணி நேரம் அதற்கென அமைந்த ஒளிப்பெட்டியின் முன் அமர்ந்து நாளிதழ் படிக்கலாம். பெட்டியை உற்று நோக்க வேண்டுவதில்லை. மாலையில் அமர்ந்தால் உறக்கம் பின்னும் தள்ளிப் போகும். நம் வீட்டு விளக்கு சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. மேகம் மூடிய வானமோ பகலில் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் தருகிறது! ஆதலின் பெட்டிக்குப் பணம் செலவிடுமுன், குடையோடு ஒரு மணி நேரம் காலையில் வெளியே நடந்து பார்ப்பது நன்று. காப்பியையாவது பால்கனியில் அருந்தலாம்.

விழித்திரை நோயுள்ளோரும், மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோயுள்ளோரும் மருத்துவரைக் கேளாமல் பெட்டியை நாடலாகாது. சோர்வு இரண்டு வாரம் நீடித்தாலோ, உயிர்மேல் வெறுப்புத் தோன்றினாலோ, ஒளியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மராட்டியில் மனம் திறக்கத் தயங்குவோர்க்கு அரசின் டெலி மானஸ் தொலைபேசி உண்டு; எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம்.