ஒப்பீட்டு இணையதளங்களும் தரகின் நேர்மையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரை)

 

வாகனம் வைத்திருப்போர் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். முன்பெல்லாம் அதற்காக முகவரைத் தேடிச் சென்றோம். இன்றோ வண்டி எண்ணைத் தட்டினால் போதும். பல நிறுவனங்களின் பிரீமியத்தையும் கைப்பேசித் திரை வரிசையாகக் காட்டிவிடுகிறது. காப்பீட்டிற்கு 2008இல் தொடங்கப்பெற்ற பாலிசிபஜார், கடன்களுக்கும் கடன் அட்டைகளுக்கும் சென்னையைச் சார்ந்த பேங்க்பஜார் என, ஒப்பிட்டுக் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட இணையதளங்கள் பெருகியுள்ளன. பயனுள்ள வசதிதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நம்மிடம் ஒரு ரூபாயும் வாங்காமல் இச்சேவையைச் செய்பவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? பாலிசியை விற்கும் நிறுவனம்தான். ஆக, திரைக்குப் பின்னால் இருப்பவரும் ஒரு தரகரே. தரகு ஹராமன்று. பேசி முடித்த கூலிக்குத் தரகு செய்வதை நம் சட்ட அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். பொருளின் குறையை மறைப்பதும், அதிகக் கூலி தரும் சரக்கையே உயர்ந்தது எனப் புகழ்வதுமே குற்றம்.

நாட்டின் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. ஒப்பீட்டு இணையதளங்கள் பாலிசிகளுக்குத் தரவரிசை இடுவதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்தன. 2025 ஆகஸ்டில் பாலிசிபஜார் நிறுவனத்திற்கு ஆணையம் 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தக்க ஆதாரமின்றிச் சில திட்டங்களைச் சிறந்தவை என முன்னிறுத்தியது அதற்கான காரணங்களுள் ஒன்று.

ஆகவே, பட்டியலில் முதலில் நிற்பதே நமக்கு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. எங்கு வாங்கினாலும் அது ஒன்றே. விலை வேறுபடுவது, நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்திற்கான காப்பீட்டில்தான். 'ஐடிவி' எனப்படும் வண்டியின் மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் தானே குறையும். ஒருவர் 60,000 ரூபாய் மதிப்பிற்கும் மற்றொருவர் 50,000 ரூபாய் மதிப்பிற்கும் காப்பீடு தருகிறார் என வைத்துக்கொள்வோம். பிரீமியத்தில் சில நூறு மிச்சமாகும்; வண்டி களவு போனாலோ 10,000 ரூபாய் நட்டம். மதிப்பைச் சமமாக்கிய பின்னரே விலையை ஒப்பிட வேண்டும்.

மருத்துவக் காப்பீடும் அவ்வாறே. செலவில் 20 சதவீதத்தை நோயாளியே ஏற்க வேண்டும் என்றொரு நிபந்தனை இருந்தால், 2 இலட்ச ரூபாய்ச் செலவில் 40,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். அறை வாடகைக்கு வரம்பு உண்டா, முன்பே உள்ள நோய்க்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பவற்றையும் படித்தறிய வேண்டும். 2024இன் விதிகளின்படி அக்காத்திருப்பு 3 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது.

தரகரிடம் நேர்மையை எதிர்பார்க்கும் நாமும் நேர்மையாளராக இருத்தல் வேண்டும். பிரீமியம் கூடுமே என்றஞ்சி விண்ணப்பத்தில் சர்க்கரை நோயை மறைத்தால், மருத்துவமனையில் கிடக்கும் வேளையில் அந்தப் பாலிசி கைவிட்டுவிடக்கூடும். அப்போது அல்லற்படுவது குடும்பமே.

ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அதைப் படித்துப் பார்த்து, பிடிக்காவிடில் திருப்பித் தர உரிமை உண்டு. குறையிருப்பின் முதலில் நிறுவனத்திற்கு எழுதுங்கள். தீராவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். காப்பீடு குறித்த மார்க்கத் தீர்ப்பு தனியே விளக்கப்பட வேண்டியது. வட்டிக் கடனோ, பத்து இடங்களில் ஒப்பிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுத்ததால் ஆகுமாகிவிடாது. எது மலிவு என்பதை இணையதளம் சொல்லும்; எது தேவை, எது கூடும் என்பதை நாமே கேட்டறிய வேண்டும்.

கொடுக்கல் வாங்கலில் விழிப்பையும் வாய்மையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.