கண்ணுக்குத் தெரியாத பலன்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசற் காடுகளில், மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் வழக்கம் உண்டு. குமாரலிங்கபுரத்துச் சம்சாரிக்கு இது புதிதன்று. விதைத்தவர் மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பதில்லை. ஆனால் அவரே மருத்துவர் சொற்படி நடைப்பயிற்சி தொடங்கினாலோ, பத்தாம் நாள், “இதனால் என்ன கண்டேன்?” என்று நிறுத்திவிடுகிறார். இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடல் நலம் பற்றிய பழக்கங்கள் பலவற்றின் பலன், ஒரு தீங்கு நேராமல் இருப்பதுதான். வராத நோயைக் கண்ணால் கண்டவர் யார்?

நரம்புச் சிலந்தி நோயை முதியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். குடிநீரிலுள்ள நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் வழியே அது உடலுக்குள் புகும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, இரண்டு மூன்றடி நீளமுள்ள புழுவாகக் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். தடுப்பூசி இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களை அது வாட்டியது. 1980களின் தொடக்கத்தில் அதை ஒழிக்கத் தேசியத் திட்டம் வகுத்தார்கள். படிக்கிணறுகளைத் திருத்துவதும் நீரில் மருந்திடுவதும் அரசாங்கத்தின் வேலை. தண்ணீரைத் துணியில் வடிகட்டுவதோ வீட்டாரின் வேலை. இன்று வடிகட்டியதன் பயன் அடுத்த ஆண்டுதான் தெரியும். அதுவும் புழு வராமையாகத்தான் தெரியும்! இருந்தும் வடிகட்டினார்கள். 1996-இல் ராஜஸ்தானத்தில் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000-இல் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

துணி குடத்தின் வாயிலேயே இருந்தால், வடிகட்டுவதற்கென்று நாள்தோறும் புதிதாக ஊக்கம் கொள்ள வேண்டியதில்லை. குடம் நினைவூட்டும், கை தானே செய்யும். மனத்தின் சுமையைப் பொருளின் மேல் ஏற்றிவைக்கும் இந்த உபாயத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இக்காலத்துக் கவலை இரத்த அழுத்தமும் நீரிழிவும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. விழுங்க வேண்டியவர் நாம். “தலை சுற்றல் இல்லை, நோய் போய்விட்டது” என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அழுத்தம் அடங்கியிருந்ததே அம்மாத்திரையால்தான் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பக்கவாதம் முன்னறிவிப்பின்றி வரும். ஆகவே, காலையில் உண்ண வேண்டிய மாத்திரையாயின், பல் துலக்கும் இடத்தருகே, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், அது இருக்கட்டும். ஊறுகாய்ச் சாடி மட்டும் கைக்கெட்டாத பரணுக்குப் போகட்டும். உப்பைக் குறைக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் தவறிவிட்டால்? லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஒரு செயல் பழக்கமாகப் படிய நடுத்தரமாக 66 நாட்கள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள்கூட ஆகலாமாம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய குறை நேரவில்லை என்றும் கண்டார்கள். முதல் விதைப்புக் கருகினால் மறுவிதைப்புச் செய்கிறவர்களுக்கு இது வியப்பாக இராது.

ஐப்பசியில் மழை பிடித்தால் கரிசல் மண் காலில் அப்பிக்கொள்ளும். வண்டிப்பாதையில் நடக்க இயலாது. அந்நாட்களில் கோயில் மண்டபத்திலோ வீட்டுத் தாழ்வாரத்திலோ நடக்கலாம். துணைக்கு ஓர் அண்டை வீட்டுக்காரரையும் அழைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வராத நாளில் அவர் வந்து கதவைத் தட்டுவார்.