விலகுகிறவருக்கும் ஒரு தேதி வேண்டும்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். மூன்று நண்பர்கள் முதல் போட்டு நடத்தும் ஒரு சின்ன பனியன் யூனிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டெய்லர்களுக்கும் செக்கிங் பெண்களுக்கும் வாரக் கூலி கொடுத்து அனுப்பியாயிற்று. ஷட்டரை இறக்கப் போகும் நேரத்தில் ஒருவர் சொல்கிறார்: "மாப்ள, எனக்கு இது போதும். நான் வெலகிக்கறேன். என் கணக்க முடிச்சுக் குடுத்துருங்க."

கேட்டதும் மனசு சுருக்கென்று வலிக்கும். கஷ்டமான நேரம் பார்த்து விட்டுவிட்டுப் போகிறானே என்று தோன்றும். அந்தக் கோபத்தில் வரும் ஒரு சொல் பத்து வருஷப் பழக்கத்தை முறித்துப் போடும். அதனால் அன்றைக்கு எந்த முடிவும் சொல்லாதீர்கள். "சரி மாப்ள, நாளைக்கு உக்காந்து பேசலாம்" என்ற பதில் போதும்.

மறுநாள் உட்கார்ந்ததும் கணக்கு நோட்டை எடுக்காதீர்கள். ஏன் விலக நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். மகளின் படிப்புச் செலவாக இருக்கலாம், உடம்பு முடியாமல் இருக்கலாம். அல்லது, "உழைப்பு முழுக்க என்னுது, லாபம் மட்டும் சமம்" என்ற குறை நாளாக உள்ளே கிடந்திருக்கலாம். குறைதான் காரணம் என்றால், உழைப்புக்குத் தனிச் சம்பளம் வைத்தோ, லாபப் பங்கை மாற்றியோ தீர்த்துவிடலாம். அதையும் மீறிப் போக வேண்டும் என்றால் மனதாரப் போக விடுங்கள். பிடித்து வைத்த பங்குதாரர் கடையில் உட்கார்ந்திருப்பார், மனசு அங்கே இருக்காது.

அடுத்ததாக, பீரோவில் கிடக்கும் கூட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். விலகுவதற்கு அதில் வழி சொல்லியிருந்தால் அதுதான் வழி. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, எல்லாப் பங்குதாரர்களும் சம்மதித்தாலும் ஒருவர் விலகலாம். இத்தனை வருஷத்துக்கு என்று காலமோ, முடிவுக்கு வரும் வழியோ பேசிக்கொள்ளாத கூட்டாக இருந்தால், மற்றவர்களுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தே விலகலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். சண்டை பிறப்பது பெரும்பாலும் இங்கேதான். தையல் மெஷின்களின் மதிப்பு ஏட்டில் நான்கு லட்சம் என்று இருக்கும். இன்றைக்கு விற்றால் ஏழு லட்சம் வரும். எதை எடுப்பது? விலகுகிறவருக்கு இன்றைய விலைதான் நியாயம். சரக்கு மூன்று லட்சம், வெளியே நிற்கும் பாக்கி எட்டு லட்சம். ஆகமொத்தம் பதினெட்டு லட்சம். கொடுக்க வேண்டிய கடன் ஆறு லட்சம் போனால் மிச்சம் பன்னிரண்டு. ஆனால் அந்தப் பாக்கியில் மூன்று லட்சம் இழுபறியில் இருக்கிறது. அதைத் தனியே எழுதி வையுங்கள். வசூலாகும்போது பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒன்பது லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று லட்சம். யூனிட்டின் பெயருக்கென்று ஒரு மதிப்பு இருந்தால் அதையும் பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பும் நம்புகிற ஒரு ஆடிட்டரை வைத்து இதைச் செய்தால் பேச்சு தடிக்காது.

மூன்று லட்சத்தை ஒரே நாளில் எடுத்துக் கொடுத்தால் அடுத்த சனிக்கிழமை சம்பளத்துக்குத் திண்டாட வேண்டி வரும். மாதம் முப்பதாயிரம் வீதம் பத்துத் தவணை என்று பேசி, எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல், கணக்கும் முடிக்காமல், அவர் முதலை வைத்தே தொழிலை ஓட்டினால், அந்த முதலால் வந்த லாபத்தில் பங்கோ, அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டியோ கேட்கச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது.

நேயர்களே, பணம் கைமாறியதும் விவகாரம் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது உங்களுக்குள் முடிந்திருக்கலாம், ஊருக்கு முடியவில்லை. விலகியதைப் பொது அறிவிப்பாகத் தெரிவிக்கும்வரை, யூனிட் புதிதாக வாங்கும் கடனுக்குக்கூட விலகியவரும் பொறுப்பாளி என்று சட்டம் சொல்கிறது. பதிவு செய்த கூட்டு நிறுவனமாக இருந்தால், பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ் நாளிதழிலும் வெளியிட வேண்டும். ஜி.எஸ்.டி. அலுவலகத்துக்கு விலகிய தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால், தகவல் போய்ச் சேரும் நாள் வரைக்கும் வரிப் பொறுப்பு அவரை விடாது.

வங்கிக் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்திருந்தாலோ, விடுவித்துவிட்டோம் என்று வங்கி எழுத்தில் தர வேண்டும். நீங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது.

இரண்டே பேர் நடத்தும் தொழிலில் ஒருவர் போனால் அங்கே கூட்டே இல்லை. மிஞ்சியவர் தனி உரிமையாளர் ஆகிறார். பான் எண் மாறும், ஜி.எஸ்.டி. பதிவையும் புதிதாக எடுக்க வேண்டும்.

போனவர் பக்கத்துத் தெருவிலேயே அதே தொழிலைத் தொடங்கலாமா? தொடங்கலாம். ஆனால் பழைய பெயரைப் போட்டுக்கொள்ளவோ, பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப் போய் அழைக்கவோ கூடாது. இதையும் விலகல் பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

இவ்வளவு எழுத்தும் எதற்கு, நம்பிக்கை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நம்பிக்கை கெடாமல் இருக்கத்தான் எழுதச் சொல்கிறேன். இன்ன தேதியில் விலகினார், இவ்வளவு பெற்றார், இதற்குமேல் அவருக்குப் பொறுப்பில்லை என்று தெளிவாக எழுதிவிட்டால், யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. பெயர்ப் பலகைக்குச் சந்தனம் வைத்து, மெஷின்களுக்குப் பொட்டிடும் அடுத்த ஆயுத பூஜையன்று அந்த நண்பர் தயங்காமல் படியேறி வர வேண்டும். "வா மாப்ள" என்று ஒரு கை பொரியை நீங்கள் அள்ளித் தர வேண்டும். பிரிகிற நாளில் இதை மனசில் வைத்துக் கணக்குப் பாருங்கள்.