நூற்றுக்கு நாற்பது



தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே காத்திருப்போர் மருத்துவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “பிழைத்துக் கொள்வாரா?” “நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு” என்கிறார் அவர். உடனே ஒரு மகன் ஜனாஸா ஏற்பாடுகளை எண்ணுகிறான். மற்றொருவன், மறைவானதைச் சொல்ல இவர் யார் என்று சினக்கிறான். இருவருமே அந்த எண்ணைத் தவறாக விளங்கிக் கொண்டவர்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் நாஸும் அவருடைய குழுவினரும் 1981இல் ‘அபாச்சி’ என்னும் மதிப்பீட்டு முறையை வெளியிட்டார்கள். 1985இல் அதை எளிமையாக்கினார்கள். உடல் வெப்பம், இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, இரத்தத்தின் உப்புகள், நினைவு நிலை என 12 அளவுகளை எடுத்து, முதல் 24 மணி நேரத்தில் அவை ஒவ்வொன்றும் எட்டிய மிக மோசமான நிலைக்கு மதிப்பெண் இடுவார்கள். வயதும் பழைய நோய்களும் சேரும். உச்சம் 71. பள்ளித் தேர்வுக்கு நேர்மாறாக, இங்கே மதிப்பெண் ஏற ஏற ஆபத்து.

மதிப்பெண் ஒன்றாயினும் நோய் வேறானால் முடிவும் வேறாகும். சர்க்கரை கட்டுமீறி, இரத்தத்தில் அமிலம் ஏறி மயங்கியவர் பெரும்பாலும் மீண்டு விடுகிறார். கிருமித் தொற்றால் இரத்த அழுத்தம் சரிந்தவருக்கு, அதே மதிப்பெண்ணிலும் ஆபத்து மிக அதிகம்.

ஆகவே நூற்றுக்கு நாற்பது என்றால், இவரைப் போன்ற நூறு பேரில் ஏறத்தாழ நாற்பது பேர் உயிருடன் வீடு திரும்பினார்கள் என்பதே பொருள். உங்கள் தந்தை அந்த நாற்பதில் ஒருவரா, அறுபதில் ஒருவரா என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. அவருடைய அஜலை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. கருமேகத்தைக் கண்டு மழை வரக்கூடும் என்பவனை நாம் குறை கூறுவதில்லையே!

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எண் குறைவு என்று சிகிச்சையை நிறுத்தி வீட்டுக்குக் கொண்டு சென்றால் மரணம் நேரும். கணக்கு பலித்தது போலவும் தோன்றும். மூளைச்சாவு வேறு, இது வேறு. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி கருவிகளை அகற்ற அனுமதித்தது, மூளையின் இயக்கம் மீளவே முடியாதபடி நின்றவர் விஷயத்தில்தான்.

முதல் நாள் எண்ணையே பிடித்துக் கொண்டிருக்காதீர்கள். ‘சோஃபா’ என்ற இன்னொரு முறை ஆறு உறுப்பு மண்டலங்களை அன்றாடம் அளக்கிறது. “நேற்றைவிட இன்று எப்படி?” என்று கேளுங்கள். பதிலில் அதிகம் விளங்கும்.

எண்ணைச் சொன்னால் மட்டும் போதுமா? 1995இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என விரும்பிய நோயாளிகளின் எண்ணத்தை அறிந்திருந்த மருத்துவர்கள் 47 சதவீதமே. கணித்த எண்களை மருத்துவர்களுக்குக் கொடுத்தும், பேசுவதற்குத் தாதியரை அமர்த்தியும் நிலைமை திருந்தவில்லை.

நம் வீடுகளிலும் அப்படித்தான். “பயந்து விடுவார்” என்று நோயாளியிடமே மறைக்கிறோம். அவருக்குத் தீர்க்க வேண்டிய கடன் இருக்கலாம், ஒப்படைக்க வேண்டிய அமானிதம் இருக்கலாம், சொல்ல வேண்டிய வஸிய்யத் இருக்கலாம். மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் சுவாசக் குழாயைச் செலுத்திய பின் அவரால் பேச இயலாது. அதற்கு முன் அவருடன் பேச ஐந்து நிமிடம் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.