இருவருக்கும் மருந்து
(மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், காணி, வீடு பற்றிப் பேசும் மேடையில் இதைப் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். நோயை உடம்பில் வைத்துக்கொண்டு மலையேறிக் கொழுந்து எடுப்பவர்கள் நாம். அதனால் நாம்தான் பேச வேண்டும்.

வெட்டை, கிரந்தி போன்ற பாலியல் நோய்கள் மருந்தால் சுகமாகும். ஆனால் கணவன் மட்டும் மருந்தெடுத்து மனைவி எடுக்காவிட்டால், நோய் திரும்பவும் அவருக்கே தொற்றும். ஒரு காலில் அட்டையைப் பிடுங்கிவிட்டு மற்றக் காலைப் பார்க்காமல் விடுவோமா?

"எனக்கு ஒன்றுமில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். பெண்கள் பலருக்கு வெட்டை நோய் வெளியே தெரியாது. உள்ளே கருப்பையைத் தாக்கிப் பிள்ளைப்பேற்றையே கெடுத்துவிடும்.

ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை இருவரும் பாதி பாதியாகப் போடுவதும் தவறு. இருவருக்குமே நோய் முழுதாகத் தீராது. இருவரும் சோதித்து, இருவரும் முழு மருந்தும் எடுக்க வேண்டும். டாக்டர் சொல்லும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கிரந்திக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் சோதிக்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இவை தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. ஆனால் தாய்க்குக் கிரந்திக்கு ஊசி போட்ட பிறகும், மருந்தெடுக்காத கணவனிடமிருந்து அது மீண்டும் வரலாம். பிள்ளை வயிற்றிலேயே இறக்கவும் கூடும்.

யார் கொண்டுவந்தது என்ற சண்டை வேண்டாம். இந்நோய்கள் மாதக்கணக்கில் மறைந்திருக்கும். முதலில் சோதனைக்குப் போனவரே முதலில் கொண்டுவந்தவர் ஆகிவிடமாட்டார். வீட்டில் சொன்னால் அடி விழும் என்று பயப்படும் சகோதரி, முதலில் கிளினிக் உத்தியோகத்தரிடம் அதைச் சொல்லட்டும். எப்படிச் சொல்வது என்று அவர்கள் வழிகாட்டுவார்கள்.

நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். இரகசியமும் காக்கப்படும்.

தோட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது இதுதான்: கிளினிக் போகும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. என்ன நோய் என்று கங்காணியோ கணக்கப்பிள்ளையோ விசாரிக்கக் கூடாது. கணவனும் மனைவியும் ஒரே நாளில் போக லீவு வேண்டும். ஒருவரின் பேர் போகுமென்று பயந்து மற்றவர் மட்டும் போனால், பாதி வைத்தியம்தான் நடக்கும்.

இருவரும் சேர்ந்து போங்கள்.