ஓடை நத்தைக்கு எதற்குப் பெயர்?



குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு ஓடைகள் புதியவை அல்ல. பிள்ளைகள் அங்கே மீன் பிடிக்கிறார்கள். செம்பனைக் காட்டில் வேலை முடிந்து திரும்புகிறவர்கள் அங்கே கால் கழுவுகிறார்கள். நீருக்குள் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால், அரிசி மணியளவே உள்ள நத்தைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். நாம் எல்லாவற்றையும் 'நத்தை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அறிவியலாரோ அவற்றைக் குடும்பம், பேரினம், இனம் என்று பிரித்துத் தனித்தனியே பெயர் சூட்டுகிறார்கள். இது வேலையற்ற வேலையா? இன்று அதைப் பற்றிச் சிந்திப்போம்.

முதலில் கொசுவின் கதையைச் சொல்ல வேண்டும். அது நம் முன்னோர் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம். 1901இல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்துக் காட்டை வெட்டச் செய்தார். மலேரியா குறைந்தது. ஆனால் மலைச்சரிவுத் தோட்டங்களில் அதே முறையில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் குறையவில்லை, கூடியது! காரணம் என்ன? சமவெளியில் நோய் பரப்பியது நிழல் நீரை விரும்பும் ஒரு வகைக் கொசு. மலையில் பரப்பியது வெயில் படும் ஓடை நீரை விரும்பும் வேறொரு வகை. மரத்தை வெட்டியதால் இரண்டாவது வகைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தோம். பிறகு ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே விட்டும், எண்ணெய் தெளித்தும் அதை அடக்கினார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த இரு கொசுக்களைப் பிரித்தறிந்த பிறகே மருந்து பலித்தது.

நத்தையின் கதையும் இத்தகையதே. மனிதரின் இரத்தக் குழாய்க்குள் வாழும் ஒரு புழுவை 1851இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற மருத்துவர் கண்டார். கிழக்காசியாவில் வாழும் அதன் உறவினப் புழு, எந்த நத்தை வழியாகப் பரவுகிறது என்பதை 1913இல் ஜப்பானிய ஆய்வாளர் மியாயிரியும் சுசுகியும் கண்டறிந்தனர். புழுவின் முட்டை மலத்தோடு நீரில் சேர்கிறது. அதிலிருந்து வெளிவரும் குஞ்சு, நத்தையின் உடலுக்குள் புகுந்து பெருகுகிறது. பின்பு வெளியே வந்து, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. ஆனால் எந்த நத்தையும் இதற்குப் பயன்படாது. பூட்டுக்கேற்ற சாவிபோல், ஒவ்வொரு புழுவுக்கும் ஏற்ற நத்தை வேண்டும்.

நம் நாட்டில் இத்தகைய நோய் ஒன்று 1973இல் முதன்முதலாகப் பதிவாயிற்று. ஓராங் அஸ்லி மக்களிடையே அது காணப்பட்டது. அப்படியானால் அதைச் சுமக்கும் நத்தை எது? தேடல் தொடங்கியது. பகாங் மாநிலத்து ஓடைகளில் கிடைத்த மிகச்சிறு நத்தைகளை ஆராய்ந்த டேவிஸ், கிரீர் ஆகிய இருவரும், அவை அதுவரை பெயரில்லாத புதுப் பேரினம் என்று கண்டு, 1980இல் 'ராபர்ட்சியெல்லா' என்று பெயரிட்டனர். அதில் இரண்டு இனங்களை விவரித்தனர். 1988இல் அந்தப் புழுவுக்கு 'சிஸ்டோசோமா மலேயென்சிஸ்' என்ற பெயர் வந்தது. 2005இல் நத்தையின் மூன்றாவது இனமும் விவரிக்கப்பட்டது. இந்தப் புழுவுக்கு இயற்கை இருப்பிடம் காட்டு எலி. மனிதருக்கு வருவது அரிது.

இவ்வளவு சிறிய நத்தைகளை எப்படிப் பிரித்தறிகிறார்கள்? ஓட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். நெருங்கிய உறவில்லாத நத்தைகளுக்கும் ஒரே மாதிரி ஓடு அமைவதுண்டு. ஆகவே நுண்ணோக்கியின் கீழ் உடலைத் திறந்து, பெண் நத்தையின் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பைப் பார்க்கிறார்கள். அரம் போன்ற நாக்கிலுள்ள பற்களை எண்ணுகிறார்கள். இப்போது மரபணுவையும் ஒப்பிடுகிறார்கள். புதிய சான்று கிடைத்தால் பழைய பெயரையும் மாற்றுகிறார்கள். லாவோஸின் மீகோங் ஆற்றில் நோய் பரப்பும் நத்தை, முன்பு 'டிரிகுலா' பேரினத்தில் இருந்தது. பின்னர் 'நியோட்ரிகுலா' என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

இதனால் நமக்கு என்ன பயன்? சீனா, ஜப்பான் நாடுகளின் 'ஒன்கோமெலானியா' நத்தை, நீரை விட்டு ஈரக் கரையில் ஏறி வாழக்கூடியது. ஆகவே ஜப்பானில் வயல் வாய்க்கால்களுக்குச் சிமெண்டு பூசி அதைப் பெரிதும் குறைத்தனர். நம் ராபர்ட்சியெல்லா அதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் நீருக்குள்ளேயே வாழ்வது. கரைக்குச் சிமெண்டு பூசினால் அதற்கு ஒன்றும் ஆகாது! குடும்பம் ஒன்று, பழக்கம் வேறு. பெயரும் உறவும் தெரிந்தால்தான் வழி தெரியும்.

நேயர்களே, இதைக் கேட்டு ஓடைக்கே போகக் கூடாது என்று அஞ்ச வேண்டாம். நத்தையைக் கண்டதும் நசுக்கவும் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை பாசியைத் தின்று வாழும் அப்பாவி உயிர்கள். நாம் செய்ய வேண்டியவை எளியவை. கழிப்பறையைப் பயன்படுத்துவோம், ஓடையை அசுத்தம் செய்யாதிருப்போம். லயத்தைச் சுற்றி எலி பெருகாமல் குப்பையை அகற்றுவோம். நீரில் இறங்கிய பின் தோலில் அரிப்பும் தடிப்பும் கண்டு, சில வாரங்களில் காய்ச்சலும் வந்தால், கிளினிக்கில் "ஓடையில் இறங்கினோம்" என்று மறவாமல் சொல்வோம். அந்த ஒரு சொல் மருத்துவருக்குப் பெரிய துணை.

பிள்ளைகள் ஒரு நத்தையைக் கொண்டுவந்து, "இதன் பெயர் என்ன?" என்று கேட்டால், "வெறும் நத்தைதான், தூக்கிப் போடு" என்று சொல்லாதிருப்போம். "உற்றுப் பார், பக்கத்தில் இருப்பதோடு எதில் வேறுபடுகிறது?" என்று கேட்போம். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.