வேட்டையில் சிக்குவது யார்?

(கும்மிடிப்பூண்டி தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கஞ்சா ஒழிய வேண்டும். அதில் நமக்குள் இரண்டு அபிப்பிராயம் இல்லை. என் கேள்வி வேறு. சர்க்கார் இந்தக் காரியத்துக்கு ‘யுத்தம்’ என்றும் ‘வேட்டை’ என்றும் ஏன் பெயர் வைக்கிறது?

1971-ல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன், போதைப் பழக்கம்தான் நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். அரை நூற்றாண்டு கழிந்தது. சிறைகள் நிரம்பின; சரக்கு நிற்கவில்லை. பிலிப்பைன்ஸில் 2016-ல் ஜனாதிபதியான டுடெர்டே இதே யுத்தத்தைத் துப்பாக்கி கொண்டு நடத்தினார். ஆயிரக்கணக்கில் செத்தவர்களில் பெரும்பாலோர் குடிசைவாசிகள். 2025 மார்ச்சில் அவரையே கைது செய்து, ஹேக் நகரத்து சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இங்கே 2021 டிசம்பரில் தமிழ்நாடு போலீஸ் ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ தொடங்கியது. பிறகு 2.0, 3.0, 4.0 என்று சினிமாப் படம் போல அடுத்தடுத்த பாகங்கள்! வேட்டைக்குப் போனவன் எதைக் காட்டுவான்? அடித்ததைத்தான் காட்டுவான். இத்தனை பேர் கைது, இத்தனை கிலோ பறிமுதல். பழக்கத்திலிருந்து எத்தனை பேர் மீண்டார்கள் என்பது வேட்டைக் கணக்கில் ஏறாது. நம் எளாவூர் சோதனைச் சாவடியில் பையோடு பிடிபடுகிறவன் பெரும்பாலும் கூலிக்குச் சுமக்கிறவன். பணம் போட்ட முதலாளி பஸ்ஸிலா வருவான்?

1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவன், சிறு அளவோடு பிடிபட்டிருந்தாலும், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து தப்பலாம். உங்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டீர்கள்? எதிரி என்று பெயர் சூட்டிவிட்டால் வைத்தியத்தைப் பற்றி யார் பேசுவார்?

சாராய விஷயத்திலும் இதே கதைதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் தினக்கூலிகள். அந்த மாதக் கடைசியிலேயே, ஆயுள் தண்டனை வரை கொடுக்கச் சட்டசபையில் திருத்தம் நிறைவேறியது. விஷம் விற்றவனைத் தண்டிக்கட்டும். ஆனால் உடம்பு நோக உழைத்தவன் மலிவுச் சாராயத்தைத் தேடி ஏன் போனான்? தண்டனையைக் கூட்டினால் அதற்குப் பதில் கிடைக்குமா? 2003 முதல் சர்க்காரே டாஸ்மாக்கில் பாட்டில் விற்கிறது. அங்கே யுத்தம் கிடையாது, வருமானம் உண்டு!

2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் பன்னிரண்டு மணி ஷிப்டு பார்க்கிற காண்ட்ராக்ட் தொழிலாளி அங்கே போகிற நாளுக்குக் கூலி உண்டா? திரும்பி வந்தால் வேலை இருக்குமா? அடுத்த பேச்சுவார்த்தைக்கு நாம் கொண்டுபோகும் கோரிக்கைகளில், சம்பளத்தோடு சிகிச்சை விடுப்பு என்பதையும் எழுதிச் சேர்க்க வேண்டும், தோழர்களே.